மலகட இல்லை, களிம்பு

மொரிஸ் மைனர் எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்தபோது அதன் பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கினிகத்தேனையில் காரை லொறியில் ஏற்றியவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நோர்வூட் வரைக்கும் அத்தனை வளைவுகளிலும் அது முட்டைகளை விட்டு எழும்பவுமில்லை. மெக்கானிக் பிரதாப் அண்ணன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"நானா, ஓனர் உள்ளதான் இருக்காங்க. கோவமா இருக்காங்க."

உண்மையான ஓனர் லொறிக்குப் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் சுப்பிரமணியம் முதலாளி. கினிகத்தேனையில் அவர் வாங்கிய பழைய ஸ்டோருக்குள் இந்தக் கார் கிடந்ததாம். இரும்புக்குப் போடத்தான் நினைத்திருந்தார். ஆனால் போன ஏப்ரல் சீசனில் அவருடைய கடைக்கு எதிரே ஹார்ட்வெயார் வைத்திருப்பவர் தன்னுடைய பழைய ஒஸ்டின் காரை நுவரெலியாவில் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அங்கே எடுத்த போட்டோவைக் கதவளவுக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினார். முதலாளி ஒரு வருஷமாகத் தன் மேசையில் உட்கார்ந்தபடி அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிட்டது.

"பைஸர், ஏப்ரல் பன்னெண்டாந் தேதி காலையில நான் இதுல ஏறி நுவரெலியா போறேன்" என்றார் முதலாளி. "கைபிடி, லைட்டு, பம்பர் எல்லாம் இதோட பொறந்ததாவே இருக்கணும். ஒரிஜினல். அங்க ஒருத்தர் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறாராம்."

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா எங்கட மூஞ்சியும் நல்லா ஈக்காது முதலாளி" என்றார் பைஸர் நானா. கராஜ் அவருடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஆனாலும் சரி என்றுதான் சொன்னார். அவருக்குப் பழைய கார் என்றால் ஆசை.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சின் பிரதாப் அண்ணனுக்கு. தகரமும் பெயிண்டும் நானாவுக்கு. மினுங்க வேண்டியதெல்லாம் எனக்கு.

அப்போது நான் கராஜில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கூட்டுவது, ஸ்பெனர் சாவிகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பது, பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்டீ ஊற்றுவது, இவைதான் என் வேலைகள். பிரதாப் அண்ணன் எங்கள் லயத்துக்காரர், அதே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர். அவர் சொல்லித்தான் நானா என்னை எடுத்தார். "ஒரு புள்ள இருக்கு நானா. நல்லா வேலை செய்யும். ஆனா பேசாது" என்று சொல்லியிருந்தாராம். "அதுதான் வேணும். நீ பேசுறது ரெண்டு பேருக்குப் போதும்" என்றாராம் நானா.

எனக்குப் பேச வராது என்று இல்லை. வீட்டில் பேசுவேன். வெளியாட்கள் முன்னால் சொல் தொண்டை வரைக்கும் வந்து, அங்கே நின்று, திரும்பிப் போய்விடும். பத்தாம் வகுப்பில் ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். முழுப் பாடசாலையும் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு வயிற்றுவலி என்று ஒரு வாரம் போகவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அது மனசில் கிடந்தது. என் சித்தி கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அதே மாடியில் இன்னொரு வீட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தைப்பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள். அம்மா யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னாள். "புது வருஷம் வரைக்கும் பாப்போம் கேஷி. அதுக்குள்ள பைஸர் நானா ஒன்ன நிரந்தரமா வச்சிக்கிறேன்னு வாயால சொன்னா இங்கயே இரு. இல்லாட்டி சித்தியோட போ."

எனக்குப் பாத்திரம் கழுவப் பயமில்லை. துணி துவைக்கப் பயமில்லை. அந்த வீட்டில் மணியடித்தால் கதவைத் திறந்து யாரென்று கேட்க வேண்டும், போன் வந்தால் எடுத்து ஹலோ சொல்ல வேண்டும் என்று சித்தி சொல்லியிருந்தாள். அந்த ஹலோவை நினைத்தே இரண்டு மாதமாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கராஜில் இரும்புகள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால் அவை சொல்லும்.

காரிலிருந்து கழற்றிய பாகங்களை ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்தேன். பம்பர் இரண்டும் செம்மண் நிறத்தில் பொரிந்திருந்தன. அப்பா தேயிலை ஃபெக்டரியில் பொதி கட்டுகிற பக்கம் வேலை செய்கிறார். கிழிந்துபோன பையின் உள்பக்கத்து வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேலே உள்ள சிவப்பு கரைந்து வந்துவிடும். அடியில் முகம் தெரிகிற மாதிரி குரோமியம் இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பம்பரை இரண்டு நாளில் முடித்தேன். நானா அதில் தன் மீசையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு போனார்.

ஹெட்லைட்டுகளைச் சுற்றியிருந்த வளையங்கள் வேறு மாதிரி. அவற்றின் முலாம் அங்கங்கே உரிந்து, உரிந்த இடத்தில் பச்சையாகப் பிடித்திருந்தது. கதவுக் கைபிடிகள் இரண்டும் இன்னும் வேறு. அவற்றின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கொப்புளங்களின் வாயில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள்.

எங்கள் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு முன் விளக்குகளையும் சாமான்களையும் விளக்கித் தருவது என் வேலை. கும்மி அடிக்கவும் பாட்டுச் சொல்லவும் மற்றப் பிள்ளைகள் போவார்கள். நான் தண்ணீர் விழும் பீலிக்கரையில் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துகொள்வேன். சூலமும் குத்துவிளக்கும் ஒரே மூலையில், ஒரே ஈரத்தில் இருப்பவை. ஆனாலும் சூலம் சிவப்பாகும், விளக்கு பச்சையாகும். சூலத்தில் இருப்பது துரு. விளக்கில் இருப்பது களிம்பு. துரு இரும்பைத் தின்றுவிடும். களிம்பு மேலே போர்த்துக்கொண்டு கிடக்கும், துடைத்தால் அடியில் பித்தளை அப்படியே இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனை வருஷம் விளக்கினால் கைக்குத் தெரியும்.

வெள்ளைத் தூளும் தெரியும். எங்கள் வீட்டுத் தகர வாளியில் அது பூக்கும். ஒருமுறை அந்த வாளியில் புளியைக் கரைத்து வைத்துவிட்டேன். வாளி குமிழ் குமிழாகப் பொங்கியது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். இரும்பு வாளிக்கு மேல் பூசியிருக்கும் அந்த வெள்ளைப் பூச்சுக்குப் புளிப்பு ஆகாது.

கராஜில் இதெல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். மலகட. துருவுக்குச் சிங்களத்தில் சொல்வது. நானாவும் பிரதாப் அண்ணனும் சிங்களம் பேசுகிற வாடிக்கைக்காரர்களோடு பேசிப் பேசி, தமிழில் பேசும்போதும் மலகட என்றே சொல்வார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு எதுவானாலும் மலகட. மலகடக்கு மருந்தும் ஒன்றுதான். கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாய், நிறைய அசிட் தண்ணீர். இரவு போட்டால் காலையில் இரும்பு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு பின்னேரம். மழை வரப் பார்த்தது. பிரதாப் அண்ணன் காருக்கு அடியிலிருந்து கத்தினார்.

"ஏய் ஊமச்சி! மிச்சமிருக்கிற மலகட எல்லாத்தையும் ட்ரம்முல போட்டுட்டுக் கெளம்பு. பஸ் போயிரும்."

நான் கைபிடிகளைக் கையில் எடுத்தேன். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே..."

"என்ன?"

அவருடைய செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைய சொல்றதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்த?"

பின்னால் போய்க் கைபிடிகளை பீப்பாயில் விட்டேன். விட்ட உடனே குமிழ்கள் எழும்பின. தகர வாளியில் எழும்பிய அதே குமிழ். அப்போதே கம்பியை விட்டு எடுத்திருக்கலாம். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பச்சை பிடித்த வளையங்களுக்கு பீப்பாயில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவற்றைச் சாக்குக்குக் கீழே தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன்.

காலையில் நானா கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்கினார். இரும்பெல்லாம் நன்றாக வந்திருந்தது. கைபிடியைத் தூக்கியபோது பாதிதான் வந்தது. மேலே குரோமியம் முட்டை ஓடு மாதிரி மெல்லிசாகத் தொங்கியது. உள்ளே கறுத்துப்போய் ஓட்டை ஓட்டையாக இருந்தது. இரண்டாவது கைபிடி கம்பியில் மாட்டவே இல்லை.

நானா கம்பியால் பீப்பாயின் அடிவரை துழாவினார். பிறகு பிரதாப் அண்ணனை ஏசத் தொடங்கினார். அசிட்டைக் கூடுதலாக ஊற்றிவிட்டாய் என்றார். போனைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறாய் என்றார். பிரதாப் அண்ணன், "எப்பவும் ஊத்துறதுதான் நானா ஊத்தினேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்த பிள்ளையை யார் கேட்பார்கள்? நான் பிளேன்டீ ஊற்றினேன். எல்லோருடைய கோப்பையிலும் சீனியை மறந்துவிட்டேன்.

அன்றைக்கே நானா கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு போன் பண்ணினார். பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் அதே வருஷத்து மொரிஸின் கைபிடிகள் ஒரு ஜோடி இருந்தது. ஹெட்லைட் வளையம் மட்டும் எங்கேயும் இல்லை. "அத மட்டும் கெடுத்துராதீங்க நானா. இந்த நாட்டுலயே கெடையாது" என்று அந்தக் கடைக்காரர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

இரண்டு நாள் நானா வளையங்களைத் தொடவே பயந்தார். மூன்றாம் நாள் பிரதாப் அண்ணனைக் கூப்பிட்டார்.

"இனி அசிட் வேணாம். கிரைண்டர்ல கம்பி பிரஷ்ஷைப் போட்டு மலகடய நல்லா சுரண்டி எடு. எடுத்துட்டு சில்வர் பெயிண்ட் அடிச்சிருவோம். வேற என்ன செய்ய ஏலும்?"

"முதலாளி ஒரிஜினல்னாரே."

"இரும்பு உளுத்தா நான் என்ன அல்லாவா?"

பிரதாப் அண்ணன் வளையத்தைப் பிடிமேசையில் வைத்து இறுக்கினார். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டினார். கம்பி பிரஷ் பட்டால் பித்தளை கிழிந்துவிடும். அது இரும்பு மாதிரி கெட்டியில்லை.

இப்போது வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பச்சையைப் பற்றித் தெரிந்தவளுக்கு வெள்ளையைப் பற்றித் தெரியாதா? தெரிந்தும் ஏன் போட்டாய்? இரண்டு நாளாகப் பிரதாப் வாங்கிய ஏச்சு யாருடையது? அதற்குப் பிறகு நானா என்னை வைத்துக்கொள்ளப் போவதில்லை. புது வருஷத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வளையம்தான் போகும். நான் போக வேண்டியதில்லை.

கிரைண்டர் சத்தம் போட்டது.

"அது மலகட இல்ல!"

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. பிரதாப் அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டு, யார் பேசியது என்று வாசல் பக்கம் பார்த்தார்.

"அது களிம்பு" என்றேன். "உள்ள பித்தளை. காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது."

"ரெண்டும் ஒண்ணுதானே புள்ள" என்றார் பிரதாப் அண்ணன்.

"இல்லண்ணே. துரு புடிச்சா உள்ள இரும்பு. பச்சை புடிச்சா பித்தளை. வெள்ளையாப் பூத்தா ரெண்டும் இல்ல, அது வேற."

நானா உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து வளையத்தில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. அவர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளையாப் பூத்தா வேறயா? அந்தக் கைபிடி வெள்ளையாத்தானே ஈந்திச்சு?"

"ஆமா நானா."

"போடக்குள்ளயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். போட்ட ஒடனே பொங்கிச்சு. அதையும் பாத்தேன்."

பிரதாப் அண்ணன் கிரைண்டரைக் கீழே வைத்தார். "ரெண்டு நாளா எனக்கு விழுந்த ஏச்சக் கேட்டுக்கிட்டே டீ ஊத்தினியே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் அழவில்லை. அழுதால் பேச முடியாமல் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாமச் செஞ்சா ஏசிட்டு விட்டுரலாம்" என்றார் நானா. "தெரிஞ்சு செஞ்சவள நான் என்ன செய்யிற?" பள்ளிவாசலில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு அழைத்தார்கள். அவர் கை கால் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

என் சாமான்கள் என்று அங்கே இருந்தது ஒரு குடையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்தான். இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானா திரும்பி வரும்போது போனில் பேசிக்கொண்டே வந்தார். கண்டியில் முலாம் பூசுகிறவர் ஒருவரோடு பேசினார். போனை எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மலகட புடிச்ச இரும்புன்னா கொண்டு வராதீங்க நானா, குழி விழுந்திருக்கும், முலாம் நிக்காது" என்றது அந்தக் குரல். "பித்தளைன்னா தாராளமா வாங்க. ஆனா சீசன் நேரம், எனக்கு ஆள் இல்ல. நீங்களே பொலிஷ் பண்ணிக் கொண்டாந்தா வியாழக்கிழமை தாறேன். ஒரு கீறல் இருந்தாலும் முலாம் அத ரெண்டாக் காட்டும், சொல்லிட்டேன்."

நானா போனை வைத்துவிட்டு இரண்டு வளையங்களையும் என் மடியில் போட்டார்.

"சனிக்கெழம காலையில கண்டி பஸ். அதுக்குள்ள முடிச்சித் தா. உண்ட வெசயம் பொறகு பேசுவம்."

அன்றிலிருந்து மூன்று நாள். முதலில் புளி. வளையங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா கறிக்கு வைத்திருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டேன். கரைத்துத் தடவி, எண்ணி ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவினால் பச்சை பழுப்பாகி ஓடியது. மூலைகளுக்குப் பழைய பல் பிரஷ். பிறகு வேட்டித் துண்டில் சலித்த அடுப்புச் சாம்பல். அன்று இரவே பித்தளை கோயில் விளக்கு மாதிரி மின்னியது. முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோது வளையம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். விளக்கை நாங்கள் வட்ட வட்டமாகத்தான் தேய்ப்போம். சாமிக்கு அது போதும். முலாமுக்குப் போதாது.

திரும்பத் தொடங்கினேன். தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தாளில் சொரசொரப்பானது, அதைவிட நைசானது, அதைவிட நைசானது என்று மூன்று. வளையம் போகிற போக்கிலேயே, ஒரே திசையில். முந்தின தாளின் கீறல் முழுவதும் மறையாமல் அடுத்த தாளைத் தொடக்கூடாது. நோர்வூட் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் விரல் நுனிகள் உணர்ச்சியில்லாமல் போய்விடும். தேநீர்க் கோப்பையைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி உட்காருவேன்.

பிரதாப் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஊமச்சி என்றுகூடக் கூப்பிடவில்லை. கராஜ் கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவருடைய கோப்பையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"மன்னிச்சிக்குங்கண்ணே."

"என்னது? கேக்கல. கிரைண்டர் ஓடுது."

கிரைண்டர் ஓடவில்லை. சத்தமாக இன்னொருமுறை சொன்னேன்.

"இன்னும் கேக்கல."

"மன்னிச்சிக்குங்கண்ணே!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "இன்னைக்கு சீனி இருக்கு" என்றார். பிறகு என் பக்கத்தில் குந்தி, இரண்டாவது வளையத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"வட்டமாத் தேய்க்காதீங்க. இந்தப் பக்கமா இழுங்க."

"பாருடா. மன்னிப்புக் கேட்டு அஞ்சு நிமிஷமாகல, ஏச ஆரம்பிச்சிருச்சு."

சனிக்கிழமை வளையங்களை அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம். வியாழக்கிழமை திரும்பி வந்தன. பிரித்தபோது அவை இருக்கிற இடமே தெரியவில்லை, கூரையும் வானமும் நானாவின் மூக்கும்தான் தெரிந்தன. நானா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மாட்டச் சொன்னார். என் விஷயத்தை அப்போதும் அவர் பேசவில்லை.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த கைபிடிகளிலும் லேசாக வெள்ளை பூத்திருந்தது. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் துடைத்து, எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தேன். தொடுவதற்கு முன்னால் நானாவிடம் போய், என்ன செய்யப்போகிறேன், ஏன் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலை முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்தார். அதே நேரம் வாசலில் அம்மாவும் சித்தியும் வந்து நின்றார்கள். சித்தி முந்தின நாள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். நானாவிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள்.

முதலாளி காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். ஹெட்லைட்டுக்கு முன்னால் குனிந்தார். தன் நெற்றித் திருநீறு அதில் தெரிவதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ஹார்ட்வெயார்காரனோடது சில்வர் பெயிண்டு. எனக்குத் தெரியும், கிட்டப் போய்ப் பாத்திருக்கேன்" என்றார். "சரி பைஸர், எல்லாம் இதோட பொறந்ததுதானே?"

நானா இருமினார். பிரதாப் அண்ணன் டயரைப் பார்த்தார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. அப்படியே விட்டிருந்தால் அவர் ஏறிப் போயிருப்பார்.

"கைபிடி ரெண்டும் இல்லீங்க முதலாளி" என்றேன். "அதோட கைபிடிய நான் கெடுத்துட்டேன். இது அதே வருஷத்து வேற காரோடது. மத்ததெல்லாம் இதோடதுதான்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபிடியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எனக்கே தெரியல. அந்தப் பூதக்கண்ணாடிக்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா அவர் கேட்டா நீங்க தெரியாமப் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "கேட்டா சொல்லிர்றேன்" என்றார். "கேக்காட்டி நான் ஏன் சொல்லணும்? அந்த ஹார்ட்வெயார்காரன் பெயிண்டச் சொன்னானா?" ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒருமுறை தும்மிவிட்டுக் கிளம்பியது. ஹட்டன் ரோட்டு வளைவில் வெயில் பட்டு வளையங்கள் இரண்டும் ஒருதரம் மின்னி வெட்டின.

சித்தி அம்மாவிடம் திரும்பினாள். "இவளையா பேச மாட்டான்னு சொன்ன? முதலாளிக்கே பாடம் நடத்துறா. அப்ப கொழும்புல போன் எடுக்கிறதுக்கு என்ன? பொட்டியக் கட்டச் சொல்லு."

அம்மா நானாவைப் பார்த்தாள். நானா பீடி ஒன்றைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, "அவள்ட்டயே கேளுங்க" என்றார்.

"நான் வரல சித்தி" என்றேன்.

"ஏன்டி?"

"எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு."

"புடிச்சா போதுமா? வச்சிக்கிறேன்னு அவரு சொல்லணும்ல?"

"நான் எங்க மாட்டேன்னேன்?" என்றார் நானா. "இருவதாந் தேதி தலவாக்கலையில இருந்து பழைய ஜீப் ஒண்ணு வருது, மேலருந்து கீழ வரைக்கும் மலகட. எது துரு, எது களிம்புன்னு இவ பாத்துச் சொல்லாம அந்த ட்ரம்முக்குள்ள இனி ஒரு ஆணியும் போகாது. மீனம்மா, ஒங்கட மக இங்கதான் ஈக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா இன்னொரு தரம் தெரிஞ்சிட்டு வாய மூடிக்கிட்டு ஈந்தியோ, நானே கொழும்பு பஸ்ஸுல ஏத்தி விடுவேன்" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்று சொன்னாள். காலை எட்டு மணிக்கு நோர்வூட்டில் வியர்வை.

புது வருஷத்துக்கு மூன்று நாள் லீவு தந்தார் நானா. மூவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். சித்தி கோபம் ஆறி, கொழும்புக் கதைகள் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒனக்குத்தான் குடுத்து வைக்கல. நான் வேலை செய்ற வீட்டு நோனா மாதிரி யாரு குடுப்பா? புது வருஷத்துக்குன்னு தன் கையில கெடந்ததையே கழட்டிப் போட்டு விட்டாங்க. தங்கம்டி" என்று கையை ஆட்டிக் காட்டினாள். வளையல் மேலே ஏறியபோது, அதுவரை அது இருந்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தது.

பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது. அவள் அந்தக் கையாலேயே பஸ்ஸை நிறுத்தக் கை காட்டினாள். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். பஸ்ஸில் எங்களுக்கு ஒரே இருக்கை கிடைத்தது. வண்டி நகர்ந்த பிறகு அவள் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

"சித்தி, அந்த வளையல ஒருக்காக் கழட்டித் தாங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."